ஆறேகால் மணி காலி வண்டி

சானிடைசர் வாசனை இப்போதெல்லாம் எங்கேயும் வருவதில்லை. போன வாரம் ஆம்பூர் பஜாரில் ஒரு கிளினிக் வாசலில், காலால் மிதித்தால் கொட்டுகிற அந்தப் பழைய ஸ்டாண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. பழக்கத்தில் மிதித்தேன். உள்ளங்கையில் சில்லென்று விழுந்தது. மூக்கில் ஏறியதும் ரெக்ஸின் சீட்டின் சூடும் கூடவே வந்தது. வெயிலில் நின்ற வேனுக்குள் ஸ்பிரே அடித்துக் கதவைச் சாத்தினால் வருமே, அந்த வாசனை. ஊருக்கு அது ஒரு நோய்க்காலத்தின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது, நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பத்து நிமிடத்தின் வாசனை.

ஷூ கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜாக இருபத்திரண்டு வருடம் ஆகிறது எனக்கு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், வண்டி யாரோடு எங்கே போனது என்று குறிக்கிற ட்ரிப் ஷீட்டை எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

1. ஷீட்டில் ஒரு வார்த்தை

கம்பெனிக்கு ஒன்பது பஸ், ஒரு ஸ்டாஃப் வேன். பஸ்கள் ஒடுகத்தூர், மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஸ்டிச்சிங், ஃபினிஷிங் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரும். வேன், வேலூரில் குடியிருந்த ஆபீஸ் ஆட்களுக்கானது. மெர்சண்டைசிங், டாக்குமெண்டேஷன் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர். காலை ஆறேகாலுக்கு ஆம்பூரிலிருந்து வேன் புறப்படும். ஏழரைக்கு வேலூரில் முதல் ஆள் ஏறுவார். ஒன்பதே காலுக்குக் கம்பெனி கேட்.

அப்படியென்றால் ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் அந்த ஐம்பது கிலோமீட்டர்? ட்ரிப் ஷீட்டில் அதற்கு ஒரே வார்த்தைதான்: காலி.

ஆனால் இந்தப் பக்கத்தில் காலி வண்டி என்று ஒன்று கிடையாது. தோல் மண்டிக்குப் போகிற டெம்போ ஆகட்டும், கம்பெனி பஸ் ஆகட்டும், சும்மா போனால் ரோட்டோரம் நிற்கிற தெரிந்த முகத்தை ஏற்றிக்கொண்டுதான் போகும். யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் வேன் டிரைவர் முனிரத்தினம் ஒடுகத்தூர்க்காரன்; கண்ணாடியில் முகம் தெரிந்தாலே பிரேக்கில் கால் போய்விடும் அவனுக்கு.

அப்படி ஏறியவர்தான் நஸீமா ஆபா. எங்கள் ஃபினிஷிங் செக்‌ஷனில் செக்கராக இருந்தவர். ஆபா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. கம்பெனி முழுக்க அப்படித்தான் கூப்பிட்டோம். கிட்னி போனதும் வேலையை விட்டார். செவ்வாயும் வெள்ளியும் வேலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழரை மணி ஸ்லாட். எங்கள் வேன் ஏழு இருபதுக்கு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் அவருடையது. மத்தியானம் கூட்டமில்லாத பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிவிடுவார். காலைதான் கஷ்டம். அந்த நேரத்து பஸ்ஸில் ஊசி போடவும் இடமிருக்காது. அவருடைய இடது கையை யாரும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை உள்ளே இணைத்து வைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா. ஆர்.டி.ஓ. வேலையாக நானும் வேனில் போன ஒரு நாள், ஆபா முழங்கைக்குக் கீழே ஒரு காகிதத் துண்டை வைத்துக் காட்டினார். காகிதம் நடுங்கியது.

"பாத்தியா தம்பி? உள்ள வண்டி ஸ்டார்ட்லயே இருக்குது. ஆஃப் ஆச்சுன்னா நானும் ஆஃபு."

"ஆபா, அதுக்கு சர்வீஸ் எப்போ?" என்றான் முனி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி பண்றாங்கடா. உன் வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு வாட்டியாவது நடக்குதா?"

அன்று மாலை முனி ஷீட்டை நீட்டினான். "காலின்னே போட்டுடவா சார்?"

"போடு" என்றேன். வெளி ஆளை ஏற்றினோம் என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் கேள்வி வரும், மெமோ வரும். காலி என்று எழுதினால் எதுவும் வராது. எட்டு வருடம் அப்படியே எழுதினோம். கீழே என் கையெழுத்து.

2. எல்லை

ஊரடங்கு வந்தது. கம்பெனி சாத்தியது. ஒன்பது பஸ்ஸும் காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக நின்றன. டயர்களுக்கு நடுவே புல் முளைத்தது. நெடுஞ்சாலையில் நாய்கள் படுத்துத் தூங்கியதை அப்போதுதான் பார்த்தேன். பாலாற்று மணலைவிட வெறிச்சென்று இருந்தது ரோடு. ஆபாவை மருமகன் பைக்கில் உட்காரவைத்து, வழியெல்லாம் ஆஸ்பத்திரி நோட்டைக் காட்டிக் காட்டிக் கொண்டுபோனார். அவரும் ஷூ கம்பெனித் தொழிலாளிதான். கம்பெனிகள் திறந்ததும் அவருக்கு எட்டரை மணி ஷிப்ட். ஆபா மறுபடி எங்கள் வேனுக்கு வந்தார்.

வேலூர் மாவட்டத்தைப் பிரித்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போயிருந்தது. காகிதத்தில் இருந்த அந்தக் கோடு, மாதனூரைத் தாண்டியதும் இரண்டு பேரிகார்டும் ஒரு சாமியானாவுமாக ரோட்டில் இறங்கி நின்றது. வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். பாஸில் பெயர் வேண்டும்.

அன்று நானும் வேனில் இருந்தேன். கான்ஸ்டபிள் ஒருவர், எங்கள் வயதுதான் இருக்கும், பாஸையும் ஷீட்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"போறப்ப காலின்னு போட்ருக்கீங்க. உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்க?"

முனி என்னைப் பார்த்தான். நான் முனியைப் பார்த்தேன். ஆபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நோட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். "நான்தாம்பா காலி" என்றார்.

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க்குக்கு மேலே கண்ணில் தெரிந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சார், நோயாளி போறாங்கன்னா யார் தடுக்கப்போறா? பேர எழுதிட்டு வாங்க சார் அடுத்த தடவ. எழுதாதவங்களுக்குத்தான் பிரச்சனை."

பேரிகார்டை நகர்த்திவிட்டார். பள்ளிகொண்டா வந்ததும் முனி வேகத்தைக் குறைத்தான். பிறகு கேட்டான். "எழுதிடலாமா சார்?"

"கொரோனா முடியட்டும்" என்றேன். எதைக் கேட்டாலும் அந்த நாட்களில் எல்லோரும் சொன்ன பதில் அதுதான்.

3. பன்னிரண்டு பேர் வீட்டுக்குள் போனார்கள்

ஆபீஸ் ஆட்களுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். முதலில் பதினைந்து நாள் என்றார்கள். பதினைந்து நாள் மாதமாயிற்று, மாதம் வருடமாயிற்று. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஸ்கிரீனில் பேசவும், காஸ்டிங் ஷீட் போடவும், ஷிப்மெண்ட் பேப்பர் அனுப்பவும் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மேஜையும் வீட்டில் மூன்று பேரை வாயை மூட வைக்கும் சாமர்த்தியமும் போதும் என்று தெரிந்துபோயிற்று. பன்னிரண்டு, ஏழாயிற்று. ஏழு, மூன்றாயிற்று. பிறகு வாரத்தில் புதன்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று மெயில்.

மெர்சண்டைசிங் ஹெட் பிரீத்தி மேடம் போன் செய்தார். "சார், புதன்கிழமைக்கு எனக்கு வேன் வேணாம். கார் எடுத்துட்டேன். அம்மா ஆஸ்துமா பேஷண்ட். ஒரே வேன்ல பன்னெண்டு பேர் மூச்சு விட்டுட்டு... முடியாது சார். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க எதுவுமில்லை. பஸ்களிலும் அதேதான் நடந்தது. ஒடுகத்தூர் ரூட்டில் பாதிப் பெண்கள் வண்டி வாங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, மலையடிவாரத்துப் பனியில் வரிசையாக வந்தார்கள். பஸ்ஸில் மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு ஜன்னலில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் ஒருத்தி தூங்கினால் அவள் தலை பக்கத்துத் தோளில்தான் சாயும். அந்தத் தோள் யாருடையது என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது தலைகள் கம்பியில் இடித்துக்கொண்டன. சீட்டில் பை வைத்து இடம் பிடிக்கும் சண்டை நின்றது. பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பவர் இல்லை. சண்டை இல்லாத பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வருவது பேஜாராக இருக்கிறது என்று டிரைவர்கள் என்னிடமே வந்து சொன்னார்கள்.

நோய் போய்விட்டது. பயமும் போய்விட்டது. போனவர்கள் மட்டும் திரும்பி ஏறவில்லை. பயத்தில் பழகிக்கொண்டதைச் சௌகரியம் பிடித்து வைத்துக்கொண்டது.

வேன் மட்டும் தினமும் ஓடியது, யாரும் நிறுத்தச் சொல்லாததால். செவ்வாயும் வெள்ளியும் போகும்போது ஆபாவோடு. வரும்போதுதான் உண்மையிலேயே காலியாக.

4. பத்து நிமிடம்

புது ஜி.எம். வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எதையும் ஸ்கிரீனில் கட்டம் கட்டமாகப் பார்க்கிறவர். ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார். மேஜையில் ஒரு சானிடைசர் பாட்டில். உள்ளே வருகிறவர்கள் கையில் ஊற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். என் கையில் ஈரம் காயும் முன்னே ஆரம்பித்துவிட்டார்.

"சேகர், உங்க ட்ரிப் ஷீட் எல்லாத்தையும் எக்ஸெல்ல ஏத்தச் சொன்னேன். இதப் பாருங்க. காலி, காலி, காலி, காலி. ஆம்பூர்லேர்ந்து வேலூருக்கு டெய்லி காத்தயா ஏத்திட்டுப் போறீங்க?"

என் கையெழுத்து வரிசையாக ஸ்கிரீனில் இறங்கிக்கொண்டே போயிற்று.

"இல்ல சார், அங்கேர்ந்து ஸ்டாஃப்..."

"ஸ்டாஃப்தான் இப்போ புதன்கிழமை மட்டும். அவங்களும் சொந்த வண்டில வர்றாங்க. மத்த நாள்ல வேன்ல யாரு?"

இங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு பெயர். மூன்று எழுத்து. அதைச் சொன்னால், எட்டு வருடமாகப் பொய் எழுதினாயா என்பார். முனிக்கு மெமோ. எனக்கு என்கொயரி. எனக்கு மகள் காலேஜில், முனிக்கு இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் மனசுக்குள் ஓடியது, பஸ் ஜன்னலில் மரங்கள் ஓடுவதுபோல. எந்த மரத்தையும் நின்று பார்க்க முடியவில்லை.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

"அப்போ எதுக்கு ஓடணும்?"

ஒன்றாம் தேதியிலிருந்து வேன் இல்லை என்று முடிவாயிற்று. நான் உள்ளே போய் வெளியே வந்ததற்கு நடுவே பத்து நிமிடம்கூட இருக்காது.

5. இடது கை

"நீங்களே போய்ச் சொல்லுங்க சார், எனக்கு வாய் வராது" என்று, ஜி.எம். ரூமில் நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முனி ஒதுங்கிக்கொண்டான். அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, பஸ்ஸுக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அந்த ரூட்டுக்கும் ஆள் இல்லாமல் போனபோது அவனாகவே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இப்போது டிராக்டர் ஓட்டுகிறான்.

ஆபா மகள் வீட்டில் இருந்தார். என்னைக் கதவருகே பார்த்ததும் சிரித்தார். "வா தம்பி. ஆபீஸ் ஆளு வீடு தேடி வந்தா நல்ல சேதி இருக்காதே."

சொன்னேன். ஜி.எம்.மிடம் நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை.

"சரி வுடு. எட்டு வருஷம் ஓசில போனேன். உன் ஜி.எம்.முக்கு இன்னா தெரியும் பாவம்."

அவர் அப்படிச் சொன்னது அடித்ததைவிட வலித்தது.

ஆம்பூரிலேயே டயாலிசிஸுக்கு இடம் கேட்டார்கள். பெயரை எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் வேனில் ஏறத் தொடங்கும் முன்பு அவர் போய்வந்த காலை பாசஞ்சர் ரயில் ஊரடங்கில் நின்றது, அதற்குப் பிறகு இல்லை. அவர்கள் கார் வைத்துக்கொண்டு போய்வரும் குடும்பம் இல்லை. பஸ்தான். இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதம் போனார். சில நாள் ஏறவே முடியாமல் திரும்பி வந்தார். வாரம் இரண்டு, சில வாரம் ஒன்றாயிற்று. கால் வீங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை, விரிஞ்சிபுரம் கூட்ரோட்டில் பஸ் திடீரென்று பிரேக் அடித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது ஆபாவின் இடது கை. அவள்மேல் என்ன தப்பு? விழுகிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆபா போன் செய்தார். குரலில் விளையாட்டு இல்லை.

"தம்பி, கைல சத்தம் நின்னுபோச்சு. தொட்டா சும்மா கெடக்குது."

உள்ளே அடைத்துக்கொண்டது என்றார்கள். கழுத்தில் ஒரு குழாய் செருகினார்கள். வலது கையில் புதிதாக ஒன்று செய்து, அது தடித்துப் பக்குவமாகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த நிலைமையில் கூட்டத்தில் பிரயாணம் கூடவே கூடாது என்றார்கள்.

6. ஒரு பெயர்

மறுநாள் ஜி.எம். ரூமுக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வருடத்தையும், செக்போஸ்ட்டையும், காலி என்று எழுதச் சொன்னது நான்தான் என்பதையும். மெமோ கொடுங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நம்ம ஃபினிஷிங்ல வேலை பாத்தவங்களா?"

"பதினாலு வருஷம் சார்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சேகர். செவ்வாய், வெள்ளி, வாரத்துக்கு ரெண்டு நாள். எக்ஸ் எம்ப்ளாயி, மெடிக்கல்னு ஒரு லெட்டர் போட்ருப்பேன். இன்ஷூரன்ஸ் பாலிசில ஒரு பேரச் சேக்கறது அவ்ளோ பெரிய வேலையா? இப்போ வேன வித்தாச்சு." பிறகு, ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "நான் கேட்டேனே. யாருன்னு கேட்டேனே" என்றார்.

மெமோ தரவில்லை. தந்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

அந்த வாரம் பிரீத்தி மேடம் ஆபீஸுக்கு வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். "அந்த வேன்லதான் சார் நான் நல்லாத் தூங்குவேன். வீட்ல இருந்தா வேலை முடியறதே இல்ல, தூக்கமும் வரல" என்றார். ஆபா விஷயத்தைச் சொன்னேன். தோளில் இருந்த பையை இறக்கி வைத்தார்.

"சார், நான் ஏர்றப்போ முதல் சீட் எப்பவும் சூடா இருக்கும். செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம. இஞ்சின் சூடுன்னுதான் நெனச்சேன்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வண்டியில் இருக்கிற ஆளைத் தாளிலும் உட்காரவையுங்கள். ஒருவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் மறைத்தேன். வண்டியை நிறுத்த வந்தவர் கண்ணுக்கு அங்கே ஒருவரும் தெரியவில்லை. நல்ல காரியத்தையும் திருட்டுத்தனமாகச் செய்தால், அதை நிறுத்துகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

7. ஆஸ்பத்திரித் தெரு

கடைசியில் ஆபா வேலூருக்கே குடிபோவது என்று ஆயிற்று. மகளுக்கு ஆம்பூரில் வேலை, மருமகனுக்கு ஷிப்ட், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவர்கள் வர முடியாது. இவர் மட்டும். பன்னிரண்டு பேரின் வேலை வேலூரில் அவரவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதனால் ஒருத்தி வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு வேறு விடை வரவில்லை.

ஒரு சின்ன லோடு வண்டி பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு குடம், தொழுகை விரிப்பு. டிரைவர் பக்கத்தில் ஆபாவை உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலாறு கூடவே வந்தது, தண்ணீர் இல்லாமல்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சந்து. வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக ஹோட்டல் பலகைகளெல்லாம் வங்காள எழுத்தில் இருந்தன. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் சுவர். முன்னாலேயே பஸ்ஸில் வந்திருந்த மகள் பாத்திரங்களை அடுக்கி வைத்துவிட்டு, மாலையில் பிள்ளைகள் தேடும் என்று அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். லோடு வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. "ஆபா, வேன்ல யாருன்னு ஜி.எம். என்னக் கேட்டாரு. யாரும் இல்லன்னு நான்தான் சொன்னேன்."

ஆபா கழுத்துக் குழாயின் மேலிருந்த கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெரியும்" என்றார். "முனி அப்பவே சொல்ட்டான்."

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே ஆபா."

"கேட்டா வண்டி வருமா? நீ என் வூட்டுக்கு வர்றத நிறுத்திடுவே. அதுவும் போய்டும்." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "இங்கேர்ந்து ஆஸ்பத்திரி எட்டு நிமிஷம். நடந்தே போய்டுவேன். இனிமே யாரும் எனக்கு வண்டி நிறுத்த வேணாம்."

வெளியே மறுபடி ஹாரன். செருப்பை மாட்டினேன்.

"செவ்வாக்கெழம வர்றேன் ஆபா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுல?"